நாலு விரக்கடை வார்

ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பையில ஒரு வார் தொங்குதுங்க. ஆமா, அந்தக் கருப்பு வார்தான். பஸ்ஸு குலுங்கறப்பெல்லாம் அது ஆடுது, நானும் சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து அதையே பாத்துட்டு வாரேன். இல்லீங்க, உள்ள சொருக வேண்டாம், இருக்கட்டும். போன சித்திரைக்கு முன்னாலன்னா நானே பைய வாங்கி, அளவா நறுக்கி, நுனிய மழுக்கிக் குடுத்திருப்பேன். இப்ப அந்தப் பழக்கத்த வுட்டாச்சுங்க. ஒரு வார வெட்டப் போயி நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல.

நான் ஃபிட்டருங்க. சென்னியப்பன்னு பேரு. பம்புசெட்டுக் கம்பெனில இருவத்தாறு வருசம். ஒரு போல்ட்டு ஒரு நூல் வெளிய நீட்டிட்டு நின்னாலும் எனக்குச் சோறு எறங்காது. சம்சாரம் பேரு வசந்தாமணி, ஸ்கூல்ல பி.டி. டீச்சர். அவ மிக்ஸி, அவ ஸ்கூட்டி, புள்ளைங்கள மெரட்ட அவ ஊதற விசில், எது ரிப்பேரானாலும் நாந்தான் பாக்கறது. வெளிய ஒரு மெக்கானிக் கை பட்டதில்லீங்க. அவ சாமான அடுத்தவன் தொட்டா எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பொறாமையெல்லாம் கெடையாதுங்க.

நாப்பத்தொரு வயசுல அவளுக்குப் பனிமலை ஏறோணும்னு ஆசை வந்துச்சு. இங்க ஒரு மலையேற்றக் கூட்டம் இருக்குது, எட்டுப் பேரா இமாச்சலம் பக்கம் ஒரு மலைக்குப் போறாங்க, பதினேழாயிரம் அடி சொச்சம். அதுக்கு அவ ஒரு வருசம் ஒழைச்சாளுங்க. காத்தால அஞ்சு மணிக்கு முதுகுல மணல் மூட்டையக் கட்டிட்டு மருதமலைப் படி ஏறுவா, எறங்குவா. மூட்டைய அளவாத் தெச்சுக் குடுத்தது யாருங்கறீங்க? நாந்தான். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, எட்வின் வார வரைக்கும்.

எட்வின் கோத்தகிரிக்காரனுங்க. முப்பது வயசிருக்கும். வடக்க போயி மலையேறப் படிச்சுட்டு வந்து, ஆர்.எஸ்.புரத்துல மலையேறற சாமானெல்லாம் வாடகைக்குக் குடுக்கற கடை வெச்சிருக்கறான். இவங்க கூட்டத்துக்குச் சாமான் பொறுப்பும் அவன்தான், கூடவே வரவும் போறான். ஒரு ஞாயித்துக்கெழம வசந்தா வந்து, "எட்வின் தம்பி எனக்கு பூட்ஸ் எடுத்து வெச்சிருக்குதுங்க, கிராம்பான் பொருத்திப் பாக்கோணும், வாரீங்களா?"ன்னா. கிராம்பான்னா வேற ஒண்ணுமில்லீங்க, பனில வழுக்காம இருக்க பூட்ஸுக்கு அடியில மாட்டற இரும்புப் பல்லு. பூட்ஸுல இரும்பப் பொருத்தறது ஃபிட்டர் வேலைதானுங்களே? ஊட்டுல ஃபிட்டர வெச்சுட்டு இதுக்கு எதுக்கு இன்னொருத்தன்? சரி, என்னதான் பண்றான்னு பாக்கலாம்னு போனேன்.

கடைல மூணு தினுசு வெச்சிருந்தான். ஒண்ணு, முன்னால பின்னால எல்லாம் வாராலயே கட்டறது, எந்த பூட்ஸுக்கும் ஆகும். ஒண்ணு, மூக்குல கம்பி, குதிகால்ல கிளிப்பு, ஒரே அமுக்குல டக்குனு உக்காந்துக்கும். இன்னொண்ணு ரெண்டுங்கெட்டான், முன்னால பட்டை, பின்னால கிளிப்பு, கணுக்காலச் சுத்தி ஒரு வார். எனக்கு அந்தக் கம்பி வெச்சதுதான் நெம்பப் புடிச்சுச்சு. என்னா வேலைப்பாடுங்கறீங்க! "இதக் குடுப்பா"ன்னேன்.

அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு வசந்தாவோட பூட்ஸத் திருப்பிக் காட்டறான். "அண்ணா, கம்பி உக்கார்றதுக்கு பூட்ஸோட மூக்குல ஒரு பள்ளம் இருக்கணும். அக்கா பூட்ஸுல குதிகால்ல மட்டுந்தான் பள்ளம் இருக்கு. மாட்டுனா நிக்கற மாதிரிதான் தெரியும், சரிவுல கால் வெச்சதும் கழண்டுரும்"ங்கறான். சொன்னது ஞாயந்தானுங்க. ஆனா அத அவ முன்னாலயா சொல்றது? ஃபிட்டர் புருசன் வந்திருக்கறான், தனியாக் கூப்புட்டுச் சொன்னா வாய் வெந்துருமா?

அந்த ரெண்டுங்கெட்டானையே எடுத்தான். பன்னெண்டு பல்லு, அதுல ரெண்டு முன்னால நீட்டிட்டு நிக்கும். அலுமினியத்துல ஒண்ணு லேசா இருந்துச்சு, அது கல்லுல பட்டா மழுங்கிரும், உருக்குதான் வேணும்னுட்டான். நடுவுல ஒரு பட்டை, அதுல ஓட்டை ஓட்டையா இருக்கும், பூட்ஸ் நீளத்துக்குத் தக்கன இழுத்து வெச்சுக்கலாம். அவன் அளவே எடுக்கலீங்க! ஸ்கேல் இல்ல, வெர்னியர் இல்ல. ஒரு ஓட்டை முன்னால, ஒரு ஓட்டை பின்னால, அவ்வளவுதான். வாரக்கூட கட்டாம பூட்ஸத் தூக்கிக் குலுக்குனான். இரும்பு வுழுகல. "இப்ப சரியா இருக்கு"ன்னான். வேலை தெரிஞ்சவன் குலுக்கிப் பாப்பானுங்களா?

அதெல்லாம்கூடப் போகட்டும். பூட்ஸ் போடறதுக்கு முன்னால, "அக்கா, மெட்டியக் கழட்டிருங்க, குளிர்ல விரல் வீங்கும், அப்ப மெட்டி இருந்தா ரத்த ஓட்டம் நின்னுரும்"னான். எம் பொண்டாட்டி மெட்டியக் கழட்டச் சொல்றான், நான் பக்கத்துல நிக்கறேன்! அவளும் மறுபேச்சு இல்லாம குனிஞ்சு கழட்டி என்ற கையில வெச்சா. "நான் வந்ததும் நீங்களே போட்டு வுடுங்க"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. கல்யாணத்தன்னிக்கு அவ காலப் புடிச்சு அம்மி மேல வெச்சு நான் போட்டு வுட்ட மெட்டிங்க அது. பத்தொம்பது வருசமாச்சு. அவ கால நான் தொட்டது அந்த ஒரே தடவைதான். கால் வலிக்குதும்பா, தைலத்த எடுத்துக் குடுப்பேன், தேச்சு வுட்டதில்ல. ஆம்பளை தேச்சு வுட்டா நல்லாவா இருக்கும்?

ஆனா அந்தப் பையன் பாருங்க, மண்டி போட்டு உக்காந்தான். தொடை மேல ஒரு பழைய டயர் துண்டப் போட்டான், பல்லு குத்தாம இருக்கறதுக்கு. "அக்கா, காலக் குடுங்க"ன்னு அவ காலத் தூக்கித் தொடைல வெச்சுட்டான். வெச்சு, வார இழுத்து, கணுக்காலச் சுத்தி, பக்கிள்ல மாட்டி, "வலிக்குதாக்கா? விரல ஆட்டுங்கக்கா"ங்கறான். அக்கான்னுதான் கூப்புட்டான், நான் இல்லீங்கல. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு.

"ஏம்ப்பா, அந்தக் கால ஒரு ஸ்டூல்ல வெச்சு மாட்டுனா ஆகாதா?"ன்னு கேட்டுட்டேன்.

"ஸ்டூல்ல வெச்சா பாரம் எந்தப் பக்கம் விழுதுன்னு தெரியாதுண்ணா"ங்கறான். எப்படி இருக்குது பாருங்க, பாரம் பாக்கறானாம்! அப்பறம், "அண்ணா, நீங்க ஃபிட்டராம்ல, அக்கா சொன்னாங்க. பக்கிள் ரெண்டும் வெளிப்பக்கமா இருக்கான்னு ஒருக்கா பாத்துருங்க"ங்கறான். நக்கலுங்க. சுத்தமான நக்கல். நான் எந்திரிச்சு எதுத்த பேக்கரிக்கு டீ குடிக்கப் போயிட்டேன். கண்ணாடி வழியாப் பாத்தா, அவன் வார் நுனியப் புடிச்சுட்டு அவகிட்ட என்னமோ நீட்டி முழக்கிச் சொல்லிட்டிருக்கறான், அவ மண்டைய ஆட்டிட்டிருக்கறா. என்ன சொன்னான்னு நான் கேக்கல. எனக்கெதுக்கு?

ரெண்டு நாள் கழிச்சு அவ ஏதோ மீட்டிங்குன்னு ஸ்கூலுக்குப் போயிருந்தா. நான் அந்த பூட்ஸயும் இரும்பையும் எடுத்து வெச்சேன். அவன் வேலைல தப்பு இல்லாமயா இருக்கும்? ஸ்கேல் வெச்சேன், வெர்னியர் வெச்சேன், தட்டிப் பாத்தேன், கடைசில குலுக்கியும் பாத்தேன். ஒரு நூல் தப்பு இல்லீங்க. அதுதான் இன்னும் எரிச்சலாகிப் போச்சு.

அப்பத்தான் வார் கண்ணுல பட்டுச்சு. வெறும் பூட்ஸ் மேல கட்டி, பக்கிள்ல கோத்து இழுத்தா, நாலு விரக்கடை மிச்சம், நாக்கு மாதிரித் தொங்குது. ஆஹா, மாட்டுனான்டா பையன்னு நெனச்சேன். கால் தட்டி வுழுந்தா யாரு பொறுப்பு? சரியா ஒரு விரக்கடை வுட்டுட்டு மீதிய நறுக்குனேன், ரெண்டு கால்லயும். நைலான் வாருங்க, வெட்டுனா பிசிறு வரும். தோசைத் திருப்பிய அடுப்புல காய வெச்சு நுனிய அமுக்குனேன். கம்பெனில இருந்து வந்தாப்பல நின்னுச்சு பாருங்க! அப்பத்தான் எனக்கு மனசு ஆறுச்சு. இப்பத்தான் இது என்ற கை பட்ட சாமான்னு தோணுச்சு. உறையில போட்டு அவ பையில நானே வெச்சேன். அவளுக்குச் சொல்லல. சொல்ல என்ன இருக்குது?

கெளம்பிப் போனாங்க. டவர் கெடைக்கறப்ப ஃபோன் பண்ணுவா. "எட்வின் தம்பி சூப் வெச்சுக் குடுத்துச்சு, எட்வின் தம்பி கூடாரம் போட்டுச்சு, எட்வின் தம்பி அப்படிச் சொல்லுச்சு." ஒரு தடவ எண்ணுனேனுங்க. நாலு நிமிசப் பேச்சுல எட்வின் பதினோரு தடவ, என்ற பேரு ஒருக்காகூட இல்ல. புருசன் பேரச் சொல்ல மாட்டாளே அவ, அது வேற விசயம். இருந்தாலும்.

அப்பறம் ஆறு நாளா ஃபோனே இல்ல. ஏழாம் நாளு ஃபோன் வந்துச்சு, எடுத்தா அந்தப் பையன் கொரல்.

"அண்ணா, அக்கா உச்சி வரைக்கும் போயிட்டு நல்லபடியா எறங்கிட்டாங்க, தூங்கிட்டிருக்காங்க. ஒரே ஒரு விசயம், நீங்க அக்காளத் திட்டக் கூடாது"ன்னான்.

விசயம் இதுதானுங்க. பனில நடக்கறப்ப பூட்ஸுக்கு மேல, முழங்கால் வரைக்கும் தடிச்ச துணியில ஒரு உறை மாட்டுவாங்களாம், உள்ள பனி போகாம இருக்க. வார் அந்த உறைக்கு மேலதான் சுத்தி வரோணுமாம். அதுக்குத்தான் அந்த மிச்சம். பயிற்சி பண்ணுன நாள் நல்ல வெயில், உறை போடல, அதனால வார் எட்டிருச்சு. உச்சிக்குப் போற அன்னிக்கு விடியறதுக்கு முன்னால, பனிக்கு மேல நின்னுட்டு மாட்டுனா, ரெண்டு விரக்கடை பத்தல. பக்கிள்ல நுனி நிக்கவே மாட்டேங்குது. வழிகாட்டிக் கூட்டிட்டுப் போறவரு "நீங்க கீழ போயிருங்க"ன்னுட்டாராம்.

ஒரு வருசம் மணல் மூட்ட தூக்குனவளுங்க.

எட்வின் என்ன பண்ணிருக்கறான்னா, கையுறையக் கழட்டிட்டு, அவனோட கிராம்பான்ல இருந்து ரெண்டு வாரையும் உருவி இவளுதுல கோத்துக் கட்டிட்டான். அந்தக் குளுர்ல இரும்ப வெறுங்கையில தொடக் கூடாதாம். அவனுக்கு வார் இல்லாமப் போனதால அவன் உச்சிக்குப் போகல, கூடாரத்துக்குத் திரும்பிட்டான். வலது கையில ரெண்டு விரல் நுனி கருத்துப் போச்சு.

"நான் கடையிலயே அவ்வளவு சொல்லியும் அக்கா அழகுக்காக வார வெட்டிட்டாங்கண்ணா. அவங்களே சொன்னாங்க. திட்டாதீங்க"ன்னான்.

அவங்களே சொன்னாங்களாம். "சரிப்பா"ன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

அவ வந்து சேந்தா. மூக்கெல்லாம் தோல் உரிஞ்சு, கருத்து, ஆனா மொகத்துல ஒரு வெளிச்சம். உச்சில நிக்கற போட்டோவக் காட்டுனா. நான் விரல வெச்சுப் பெருசு பண்ணிப் பாத்தேன். கால்ல செகப்பு வார். அவளுது நீலம். செகப்பு அவனுது. எந்தப் போட்டோவப் பாத்தாலும் அந்தச் செகப்பு வார்தான் எனக்குத் தெரியுது. அவ காலச் சுத்தி அவன் வார் ஏறுனது யாரு புண்ணியம்னு என்ற மனசே என்னையக் கேட்டுச்சு.

பொழுதோட சட்டைப் பையில இருந்து மெட்டிய எடுத்தேன். அவ கால இழுத்துக்கிட்டா.

"வார் நுனியப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சுங்க. ஊருக்குள்ள அப்படி மழுக்கற கை ஒண்ணுதான் இருக்குது. அத்தனை பேரு முன்னால ஃபிட்டர் பேரு கெடக் கூடாதுன்னு நான் வெட்டுனதாச் சொல்லிட்டேன்"ன்னா.

"அப்ப அவன் உன்னையத் திட்டுனானா?"

"இல்ல. சிரிச்சுச்சு."

"சிரிச்சானா? எப்படிச் சிரிச்சான்?"

"அந்தத் தம்பி விரல் போயிருக்கும். நீங்க அது எப்படிச் சிரிச்சுச்சுன்னு கேக்கறீங்க. நீங்களே போயி, வெட்டுனது நாந்தான்னு அதுகிட்டச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என்ற கால்ல மெட்டி கெடையாது"ன்னா. கத்தியெல்லாம் சொல்லலீங்க. கத்துனாப் பரவால்ல, கொஞ்ச நேரத்துல அடங்கிரும். வெறுங்காலோட ஊட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கறா, சத்தமே இல்ல. அவ சமையக்கட்டுல இருக்கறாளா வாசல்ல இருக்கறாளான்னே தெரியல. பத்தொம்பது வருசமா அந்த மெட்டிச் சத்தத்தக் கேட்டுட்டு இருந்திருக்கறேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு ஞாயித்துக்கெழம போனேன். கடை வாசல் வரைக்கும் போவேன், எதுத்த பேக்கரில டீ குடிப்பேன், திரும்பிருவேன். அவன் முன்னால போயி நான் தலை குனியறதா? விரல்ல கட்டுப் போட்டுட்டு உக்காந்திருப்பான், பெரிய தியாகியாட்டம். அது எனக்கு ஆகலீங்க.

மூணாவது வாரம் வாசல்ல நிக்கறப்ப உள்ள யாரோ புருசன் பொண்டாட்டி சாமான் எடுக்க வந்திருக்கறாங்க. செவத்துல ஆணியடிச்சு ஒரு நீல வார மாட்டிருக்கறான். என்ற வார்! அதக் காட்டிச் சொல்றான். "வார மட்டும் வெட்டிராதீங்க. ஒரு அக்கா வெட்டிட்டு வந்து திண்டாடிட்டாங்க. ஆனா இந்த நுனியப் பாருங்க, வெட்டுனது தப்புன்னாலும் எவ்வளவு நறுவிசா இருக்கு! கம்பெனில கூட இப்படிப் பண்ண மாட்டாங்க. அந்த அக்கா கைக்கு அவ்வளவு நேர்த்தி!"

அக்கா கையா? எனக்குத் தாங்கலீங்க. அவளுக்குச் சட்டைப் பட்டன் தெச்சாலே நூல் தொங்கும்!

"அது அக்கா கையில்லப்பா! என்ற கை! நான் வெட்டுனது!"ன்னு வாசல்ல நின்னே கத்திட்டேன்.

எட்வின் என்னையப் பாத்தான், வாரப் பாத்தான், அவனோட ரெண்டு விரலையும் பாத்தான். திட்டப் போறான், திட்டட்டும்னு நின்னேன். எந்திரிச்சு வந்து, "எதுலண்ணா மழுக்குனீங்க?"ன்னு கேட்டான்.

"தோசைத் திருப்பில"ன்னேன். கண்ணு கலங்கிருச்சுங்க, எதுக்குன்னு தெரியல. அவன் சிரிக்கல. அந்தக் கை விரல்ல இன்னும் ரெண்டு மூணு மாசத்துக்குப் புடிமானம் வராதாம், பக்கிள் இழுக்க முடியலையாம், பல்லுக்கு அரம் போட முடியலையாம். "கிரைண்டர்ல வெச்சா சூட்டுல பதம் போயிரும்ணா, கையாலதான் போடணும்"னான். எனக்குச் சொல்றான் பாருங்க! பேசாம அரத்த வாங்கிட்டு உக்காந்தேன்.

ஊட்டுக்கு வந்ததும், "சொன்னீங்களா?"ன்னா. சொன்னேன்னேன். எப்படிச் சொன்னேன்னு சொல்லல. மோடாவ இழுத்துப் போட்டு உக்காந்து காலை நீட்டுனா. விரல் குளுர்ல பட்டது, இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்துச்சு. நான் மெட்டியப் போட்டு, வளைச்சு இறுக்கப் போனேன். "மிச்சம் வுட்டே போடுங்க"ன்னா. அவ்வளவுதானுங்க சொன்னா.

அன்னில இருந்து ஞாயித்துக்கெழமன்னா எட்வின் கடைலதான் இருக்கறேன். சிநேகமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கண்ணு முன்னால இருந்தா அவன் என்ன பண்றான்னு தெரியும், அதுக்குத்தான். வாரவங்களுக்கு கிராம்பான் மாட்டி வுடறது இப்ப நாந்தான். மொதல்ல ஸ்டூல்ல வெச்சுத்தான் மாட்டுனேன். ஆகலீங்க. கால் ஆடுது, பாரம் தெரியல. பொறவு மண்டி போட்டு, டயர் துண்டத் தொடைல போட்டுக்கிட்டேன்.

போன வாரம் வசந்தா எனக்குச் சோத்துப் போசி கொண்டாந்தா. அந்நேரம் பாத்து ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, காலத் தொடைல வெச்சிருக்கறாங்க. நான் வார இழுத்துட்டு, "வலிக்குதாம்மா? விரல ஆட்டுங்க"ன்னுட்டிருக்கறேன். நிமுந்து பாத்தா இவ நிக்கறா. மொகம் இத்துனூண்டாப் போச்சு. போசியை டொக்குனு வெச்சுட்டுப் போயிட்டா. ஊட்டுக்குப் போயிச் சாப்புடறப்பக் கேக்கறா, "ஏனுங்க, அந்தப் புள்ள கால ஒரு ஸ்டூல்ல வெச்சு மாட்டுனா ஆகாதா?"

"பாரம் தெரியாது அம்மிணி"ன்னேன். சார், கல்யாணமாகி இத்தனை வருசத்துல எனக்கு அவ்வளவு ருசியாச் சோறு எறங்குனதே இல்லீங்க.

இதா, என்ற ஸ்டாப்பு வருது. இன்னிக்கு ஒரு லேடீஸ் காலேஜுல இருந்து பத்துப் பேரு வாராங்கன்னு காத்தால சும்மா சொல்லி வெச்சேன். அவளுக்கு இன்னிக்குத் துணி தொவைக்கற வேலை இருக்குதாம், கடைப் பக்கமே வரலைன்னுட்டா. சித்த அந்த ஜன்னல் வழியாப் பின்னால பாருங்க. நம்ம பஸ்ஸ ஒட்டியே ஒரு நீல ஸ்கூட்டி வருதுங்களா? சிங்காநல்லூர்ல இருந்து வருதுங்க. திரும்பிப் பாக்காதீங்க, பாக்காதீங்க, நானும் பாக்காத மாதிரியே எறங்கிக்கறேன்.